ஆர்டன் ரஸ்டாட் குளிக்க முன் அனுமதி

மனித குலம் இதுவரை செய்துகொண்ட ஏற்பாடுகளிலேயே தலைசிறந்தது, ஒருவர் குளிப்பதற்கு வேறொருவர் பணம் கொடுப்பது என்பதுதான். சக்கரம், அச்சு எந்திரம், தடுப்பூசி எல்லாம் இதற்கு அடுத்த வரிசையில்தான் உட்கார வேண்டும். குளிப்பவர் ஓர் ஊரில் இருப்பார். குளிப்பாட்டுபவர் பக்கத்து ஊரிலிருந்து வருவார். பணம் கொடுப்பவரோ ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால், குளிரூட்டிய கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் இருப்பார். அவர் குளிப்பவரையும் பார்த்ததில்லை, குளிப்பாட்டுபவரையும் பார்த்ததில்லை. பார்த்தால் இரக்கம் வந்துவிடும். இரக்கம் வந்தால் நடுநிலை கெட்டுவிடும். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வடமேற்கு மூலையில், நார்ட்லி என்னும் சிற்றூரில், மர்லிஸ் ரஸ்டாட் என்ற எழுபத்து நான்கு வயது அம்மையார் இந்த ஏற்பாட்டின் அருளை ஒன்றரை ஆண்டுகளாக அனுபவித்து வந்தார். அவருடைய கணவர் ஆர்டன் நாற்பது வருடம் தானியக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். ஆறடி இரண்டங்குலம். பக்கவாதம் வந்து இடப்பக்கத்தை வாங்கிக்கொண்டு போனபோது, உயரத்தையும் எடையையும் மட்டும் விட்டுவிட்டுப் போனது. மர்லிஸ் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. முதுகில் இரண்டு எலும்பு தேய்ந்தவர். ஆகவே திங்கள் முதல் வெள்ளிவரை, காலையில் இரண்டு மணி நேரம், ஹோதன் என்ற உதவியாளர் வந்து ஆர்டனைக் கட்டிலிலிருந்து எழுப்பி, குளிப்பாட்டி, உடை மாற்றி, சன்னலோர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவாள். ஹோதனின் பெற்றோர் சோமாலியாவிலிருந்து வந்தவர்கள். மினியாபொலிஸ் நகரில் வளர்ந்து, குளிர் போதவில்லை என்று இன்னும் வடக்கே வந்துவிட்டவள் என்று ஊரில் அவளைக் கேலி செய்வார்கள்.

ஹோதனை அனுப்புவது ஊரின் வீட்டுப் பராமரிப்பு நிலையம். நிலையத்துக்குப் பணம் தருவது 'ஹார்த் அண்ட் ஹரைசன்' நலக் காப்பீட்டு நிறுவனம். அறுபது நாளைக்கு ஒரு முறை அது தன் பெரிய மனதைத் திறந்து, ஆர்டன் ரஸ்டாட் குளிப்பதற்கு 'முன் அனுமதி' வழங்கும். அறுபத்தோராம் நாள் அவர் அழுக்காவாரா, மாட்டாரா என்பதை அப்புறம் தனியாக ஆராய்வார்கள்.

பக்கவாதம் வந்த முதல் வாரம், வாய் கோணியிருந்த ஆர்டன் மர்லிஸிடம் ஒன்றே ஒன்று கேட்டார். ஐம்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"அறுபது மைல் தள்ளி இருக்கே, அந்த முதியோர் இல்லத்துல மட்டும் என்னைக் கொண்டுபோய் விட்டுடாத, மர்லிஸ்."

"பைத்தியமா உனக்கு? உன் நாற்காலிய விட்டு நீ எங்க போகப்போற," என்றார் மர்லிஸ். நெடுஞ்சாலையில் கார் ஓட்ட அவருக்குக் கண் போதாது. அங்கே விட்டால் வாரம் ஒரு முறை பார்ப்பதே பெரும்பாடு. ஹோதன் வருகிறவரை ஆர்டன் வீட்டில் இருப்பார். ஹோதன் நின்றால் அந்த அறுபது மைல்தான். இது அந்த வீட்டில் இருவருக்கும் தெரியும், ஹோதனுக்கும் தெரியும். ஒன்பதாவது மாடிக்கு மட்டும் தெரியாது, அவர்கள் நடுநிலையாளர்கள் என்பதால்.

மே மாதக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் நலனில் நாங்கள் கொண்டுள்ள ஆழ்ந்த அக்கறையின் அடையாளமாக' ஒரு மதிப்பீட்டாளர் நேரில் வருவார் என்றது. மதிப்பீட்டின்போது உதவியாளர் வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் நோயாளிக்கு உதவி கிடைத்துவிடும், பிறகு அவருக்கு உதவி தேவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விருந்தாளி வருகிறார் என்றதும் மர்லிஸ் எந்த மின்னசோட்டாப் பெண்மணியும் செய்வதைச் செய்தார். வீட்டைத் தேய்த்துக் கழுவினார். கூடத்தில் நின்ற கமோடு நாற்காலி பார்க்க நன்றாகவா இருக்கிறது? அதைக் கார் கொட்டகைக்குத் தள்ளினார். சக்கர நாற்காலி, கட்டிலின் கைப்பிடிக் கம்பி, ரப்பர் விரிப்பு, மருந்துப் பெட்டி எல்லாம் அதன் பின்னாலேயே போயின. ஆர்டனுக்கு முகம் மழித்து, தேவாலயத்துக்குப் போடும் நீலச் சட்டையை மாட்டினார். சட்டை மாட்டவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. தோட்டத்தில் விளைந்த ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டைப் பறித்துச் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டு ஒரு தட்டு இனிப்பும் சுட்டு வைத்தார்.

இங்கே நார்ட்லியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாராவது உங்களிடம் எதையாவது வேண்டுமா என்று கேட்டால், முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால், போனால் போகிறதென்று சரி சொல்லலாம். முதல் தடவையிலேயே சரி என்பவன் வெளியூரான். இரண்டாம் தடவையில் சரி என்பவன் தேர்தலில் நிற்கப் போகிறவன். இந்த ஊரில் ஒருவன் கிணற்றில் விழுந்தால்கூட, கயிறு போடட்டுமா என்று மூன்று தடவை கேட்க வேண்டும். அதற்குள் மூழ்கிவிட்டால் மரியாதையாகச் செத்தான் என்று பெயர் கிடைக்கும்.

மதிப்பீட்டாளர் ப்ரெஸ்டன் தூரத்து அரிசோனா மாநிலத்திலிருந்து வந்திருந்தான். நல்ல பையன், காலணியை வாசலிலேயே கழற்றினான்.

"காபி குடிக்கிறியா தம்பி?" என்றார் மர்லிஸ்.

"இல்ல மேடம், பரவாயில்ல."

"ஒரு வாய்தான்."

"வேணாம் மேடம், நிஜமாவே."

"போட்டாச்சு. குடிக்கலைன்னா கொட்டத்தான் போறேன்."

"அப்ப சரி, குடுங்க," என்று வாங்கிக்கொண்டான்.

மர்லிஸுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அரிசோனாவானாலும் வளர்ப்பு நல்ல வளர்ப்பு; முறை தெரிந்தவன். இவன் எதையும் மூன்று தடவை கேட்காமல் எழுத மாட்டான் என்று நிம்மதியாக எதிரில் உட்கார்ந்தார்.

ப்ரெஸ்டன் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டான். நாற்பத்திரண்டு கேள்விகள், ஒரு கேள்விக்கு நாற்பது விநாடி. அதற்குமேல் போனால் டேப்லெட் சிவப்பாகும்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"மோசமில்ல," என்றார் ஆர்டன். இரண்டு நாளாக அவருக்கு இடது தோள் நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"குளிக்க உதவி வேணுமா?"

"அதெல்லாம் வேணாம்ப்பா."

மர்லிஸ் புன்னகையோடு இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தார். ப்ரெஸ்டன் தட்டினான், அடுத்த கேள்வி வந்தது.

"சட்டை போட்டுக்க?"

"ஏதோ, சமாளிச்சுக்குவேன்."

"நல்லா இருக்கு சார், இந்தச் சட்டை. கட்டில்லேர்ந்து எழுந்திரிக்க?"

"உனக்கு எதுக்குப்பா அந்தக் கவலையெல்லாம்."

"கழிப்பறை?"

"காபி ஆறுது பாரு. அந்த இனிப்பை எடுத்துக்கோ."

டேப்லெட் ஒவ்வொரு முறையும் 'டிங்' என்றது. மர்லிஸ் "அப்படி இல்ல தம்பி," என்று ஆரம்பித்தார். "இவர் சொல்றது..."

"நோயாளியோட குரலுக்குத்தான் மேடம் முதல் மரியாதை," என்றான் ப்ரெஸ்டன் அன்பாக. "வீட்டுக்காரங்க பேசினா 'குடும்பத் தலையீடு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல குறி போட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்."

குடும்பத் தலையீடு செய்து பழக்கமில்லாத மர்லிஸ் வாயை மூடிக்கொண்டார்.

அதோடு போயிருந்தாலும் பிழைத்திருக்கலாம். நார்ட்லியில் விருந்தாளி கிளம்பினால் மேசையருகே ஒரு தடவை, கதவருகே ஒரு தடவை, காரருகே ஒரு தடவை விடை கொடுக்க வேண்டும். உட்கார்ந்தபடி விருந்தாளியை அனுப்பிய ரஸ்டாட் அந்தப் பரம்பரையிலேயே கிடையாது. ஆர்டன் வலக்கையால் மேசையைப் பிடித்தார். பல்லைக் கடித்தார். எழுந்துவிட்டார். மர்லிஸ் ஓடிப்போய் இடுப்பைத் தாங்கிக்கொள்ள, ஒரு காலை இழுத்து இழுத்து, சுவரையும் மனைவியையும் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார். கதவு நிலையில் தோளைச் சாய்த்து நின்று கையை ஆட்டினார். ப்ரெஸ்டன் காரை எடுப்பதற்கு முன் திரும்பிப் பார்த்து, அவனும் கையை ஆட்டினான். கார் தெருமுனை திரும்பும்வரை ஆர்டன் ஆட்டினார்.

பிறகு அப்படியே சரிந்தார். மர்லிஸ் அவரைக் கதவோடு சேர்த்து முட்டுக்கொடுத்து நிறுத்தி, எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக நாற்காலியில் கிடத்தினார்கள். சாயங்காலம்வரை ஆர்டன் கண் திறக்கவில்லை.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. 'வாழ்த்துகள்' என்று ஆரம்பித்தது. திரு. ஆர்டன் ரஸ்டாட் குளியல், உடை, கழிப்பறை ஆகிய மூன்று துறைகளிலும் பிறர் உதவியின்றி இயங்குகிறார். வீட்டில் மருத்துவ உபகரணம் எதுவும் காணப்படவில்லை. வாசல்வரை நடந்துவந்து விருந்தினரை வழியனுப்பும் அளவுக்கு அவர் தேறியிருப்பது கண்டு நிறுவனம் பெருமிதம் கொள்கிறது. எனவே பதினான்கு நாளில் சேவை நிறுத்தப்படும்.

ஹோதன் கடிதத்தைப் படித்துவிட்டு மர்லிஸைப் பார்த்தாள்.

"கமோடு நாற்காலிய எங்க வெச்சீங்க?"

"கொட்டகைல."

"சக்கர நாற்காலி?"

"அதுவும் அங்கதான். விருந்தாளி வர்ற வீட்டுல அதை நடுக்கூடத்துல எப்படிடி வெக்கறது?"

"அம்மா, வந்தது விருந்தாளி இல்ல."

"இனிப்பு ரெண்டு துண்டு சாப்பிட்டானே," என்றார் மர்லிஸ்.

பராமரிப்பு நிலையத்தில் பெவ் என்ற பெண்மணி இருந்தார். காப்பீட்டு நிறுவனங்களின் தொலைபேசியில் காத்திருப்பதுதான் அவர் உத்தியோகம். காத்திருக்கும்போது ஒலிக்கும் இசையைக் கேட்டே எந்த நிறுவனம் என்று சொல்லிவிடுவார். மர்லிஸ் அவரிடம், நீண்டகாலப் பராமரிப்புக்கென்று இருபத்திரண்டு வருடமாகத் தனியாக ஒரு பாலிசி கட்டி வருவதை நினைவூட்டினார்.

"அவங்களைக் கேட்டாச்சு மர்லிஸ்," என்றார் பெவ். "முதல்ல நலக் காப்பீடு குடுக்கணும், நாங்க அப்புறம்னு சொல்றாங்க. நலக் காப்பீட்டைக் கேட்டா, அந்தப் பாலிசிதான் முதல்ல, நாங்க அப்புறம்கறாங்க."

"மாவட்ட நல உதவி அலுவலகம்?"

"அவங்க எல்லாருக்கும் கடைசி. மத்தவங்க மறுத்திருக்கணும், உங்க கையிருப்பும் கரைஞ்சிருக்கணும். வீட்டையும் கல்லறைக்கு வாங்கின இடத்தையும் வெச்சுக்கலாமாம்."

"அதான் நலக் காப்பீடு மறுத்துட்டாங்களே."

"மறுக்கல. தேவையில்லைன்னு முடிவு பண்ணியிருக்காங்க. மறுத்தா மாவட்டம் எடுத்துக்கும். தேவையில்லாத சேவைக்கு மாவட்டம் எப்படிக் குடுக்கும்?"

மூன்று பெரிய மனிதர்கள் ஒரு வாசலில் நின்றுகொண்டு, நீங்கள் முதலில், இல்லையில்லை நீங்கள் முதலில் என்று உபசரித்துக்கொள்வதாக மர்லிஸுக்குத் தோன்றியது. இவ்வளவு பணிவான ஆட்களை நார்ட்லியிலேயே அவர் பார்த்ததில்லை. கோபப்படுவதா, பாராட்டுவதா என்று தெரியாமல் "சரி பெவ், உனக்குத்தான் சிரமம்" என்று போனை வைத்தார்.

ஒரு வழி இருந்தது: மேல்முறையீடு. அதன் முடிவு வரும்வரை ஹோதன் வரலாம். மருத்துவ மறுஆய்வாளர் ஒருவர் தொலைபேசியில் நோயாளியிடம் நேராகப் பேசுவார். ஹோதன் தன் இரண்டு மணி நேரத்தில் கடைசி அரைமணியைப் பயிற்சி வகுப்பாக்கினாள். கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு எதிரே உட்காருவாள்.

"மிஸ்டர் ரஸ்டாட், குளிக்க உதவி வேணுமா?"

"வேணாம்மா, எனக்கென்ன..."

"போச்சு. கட்டில் போச்சு, வீடு போச்சு, அறுபது மைல். மறுபடியும். குளிக்க உதவி வேணுமா?"

"கொஞ்சம்..."

"கொஞ்சம்னு ஒரு கட்டம் கிடையாது."

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட போய் எப்படி முதல் தடவையே ஆமான்னு சொல்றது? என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார் ஆர்டன்.

"உங்களுக்கு உதவி வேணும்னு நினைப்பாங்க," என்றாள் ஹோதன். "தினமும் உங்களைத் தூக்குறேன், துடைக்கிறேன். என்கிட்ட இல்லாத வெக்கம் யாரோ ஒருத்தர்கிட்ட எதுக்கு?"

"நீ கேக்கறதில்லையே. நீ பாட்டுக்குத் தூக்குற."

ஹோதன் கரண்டியை மறுபடி காதில் வைத்தாள். மர்லிஸ் அடுப்பங்கரையில் நின்றபடி துணியால் மூக்கைச் சிந்தினார்.

பயிற்சி மர்லிஸுக்கும் உண்டு. குடும்பத் தலையீடு இல்லாமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் பயிற்சி. ஒன்பது நாளில் ஆர்டன் தேறினார். கேள்வி முடிவதற்குள் "ஆமா, வேணும்" என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், அடித்தளக் கூடத்துக் காபி விருந்தில், பாதிரியார் இன்னொரு துண்டு கேக் வேண்டுமா என்று கேட்க, ஆர்டன் சட்டென்று "ஆமா, வேணும்" என்று சொல்லிவிட்டார். மேசையே திரும்பிப் பார்த்தது. மர்லிஸுக்குக் காதெல்லாம் சிவந்துபோயிற்று. ஆனால் உள்ளே சந்தோஷம்.

மேல்முறையீட்டு நாள் வந்தது. மறுஆய்வாளர் ஓர் அம்மையார். கண் மருத்துவம் படித்தவர். கண்ணால் பார்க்காமலே முடிவு செய்யும் வேலைக்குக் கண் மருத்துவரை அமர்த்தியிருந்தது நிறுவனத்தின் முன்யோசனை.

"குளிக்க உதவி வேண்டுமா?"

"ஆமா, வேணும்."

"உடை மாற்ற?"

"ஆமா, வேணும்."

"கழிப்பறைக்கு?"

ஆர்டன் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமாம்மா. வேணும். ரெண்டு பேர் பிடிக்கணும். சில நாள் போறதுக்குள்ளயே ஆயிடுது."

அதை அவர் பயிற்சியில்கூடச் சொன்னதில்லை. மர்லிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பதினோரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஹோதன் அன்று தன் வீட்டிலிருந்து சமோசா செய்து கொண்டுவந்திருந்தாள். மூன்று பேரும் கொண்டாடினார்கள்.

முடிவு ஐந்தே நாளில் வந்தது. 'முதல் மதிப்பீட்டில் தயங்கித் தயங்கிப் பேசியவர், இருபத்திரண்டு நாள் இடைவெளியில், எல்லாக் கேள்விகளுக்கும் உடனுக்குடன், தெளிவாக, ஒரே சீராக விடையளித்துள்ளார். பேச்சு, நினைவாற்றல், புதியன கற்கும் திறன் ஆகியவற்றில் இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். முன்னேற்றம் கண்ட நோயாளிக்குச் சேவையை நீட்டிப்பது அவருடைய தன்னம்பிக்கையைக் குலைக்கும். மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது.'

"முன்னேறாம இருந்திருந்தா?" என்று பெவ்விடம் கேட்டார் மர்லிஸ்.

"சேவையால பலன் இல்லைன்னு நிறுத்துவாங்க."

"இருந்த மாதிரியே இருந்தா?"

"அதுக்கும் ஒரு கடிதம் இருக்கு. அது கொஞ்சம் நீளம்."

கடைசி நாளன்று ஹோதன் வழக்கத்தைவிட மெதுவாக ஆர்டனைக் குளிப்பாட்டினாள். நகம் வெட்டினாள். கிளம்பும்போது வாசலில் நின்று, சனிக்கிழமைகளில் சும்மா வந்து போவதாகச் சொன்னாள், சம்பளம் வேண்டாம். வேண்டவே வேண்டாம், உனக்கும் வீடு குடும்பம் இருக்கிறது என்றார் மர்லிஸ். ஹோதன் மறுபடி சொன்னாள். எதற்குச் சிரமம் என்றார் மர்லிஸ். ஹோதன் இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து மூன்றாவது தடவை சொன்னாள். மர்லிஸ் அவள் மீது சாய்ந்து அழுதார். ஒன்றரை வருடத்தில் அவர் அழுது ஹோதன் பார்த்தது அன்றுதான்.

ஆனால் வாரத்தில் சனி ஒன்றுதானே. மற்ற ஆறு நாளும் ஐந்தடிக்குக் குறைவான மர்லிஸ் ஆறடி இரண்டங்குல ஆர்டனைத் தூக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருவருமாக எண்ணி, மூன்றில் தூக்குவார்கள். இல்லத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "என்ன மர்லிஸ், வலிக்குதா?" என்பார் ஆர்டன். "மோசமில்ல," என்பார் மர்லிஸ்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை, குளியல் தொட்டி விளிம்பில், மூன்று என்று எண்ணியபோது மர்லிஸின் முதுகில் ஏதோ நொறுங்கியது. அவர் விழுந்தார், அவர் மேல் ஆர்டன் விழுந்தார். ஒருவரையொருவர் தூக்க முடியாமல் ஈரத் தரையில் மூன்று மணி நேரம் கிடந்தார்கள்.

"உன் கை எங்க இருக்கு?" என்றார் ஆர்டன்.

"உனக்குக் கீழ."

"மன்னிச்சுக்கோ."

"பேசாம இரு. என்னை மன்னி. நான்தான் கைய விட்டுட்டேன்."

நடுவில் அடுப்பங்கரைத் தொலைபேசி மணியடித்து, தானாகச் செய்தியைப் பதிந்துகொண்டது. காப்பீட்டு நிறுவனம்தான். தன் அன்பு உறுப்பினர்களுக்கு, 'வீட்டில் தவறி விழாமல் இருக்க ஐந்து எளிய வழிகள்' என்ற ஒலிப்பதிவை அனுப்பியிருந்தது. இனிமையான பெண் குரல். குளியலறைக் கதவு திறந்திருந்ததால் ஐந்து வழிகளையும் இருவரும் முழுசாகக் கேட்டார்கள்.

தபால்காரர் கதவைத் தட்டி, சத்தம் கேட்டு, ஆள் கூப்பிட்டார். இரண்டு ஆம்புலன்ஸ் வந்தது. இங்கே நிறுவனத்தின் தாராளத்தைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவனாவேன். காலையில் இரண்டு மணி நேரம் ஒரு பெண்ணை அனுப்ப முன் அனுமதி, மறுமதிப்பீடு, மேல்முறையீடு எல்லாம் கேட்டவர்கள், இரண்டு ஆம்புலன்ஸ், ஒன்பது எக்ஸ்ரே, முதுகெலும்புக்கு ஓர் அறுவை, ஆறு நாள் மருத்துவமனை அறை இத்தனைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹோதன் இரண்டு வருடம் வந்து போயிருக்கக்கூடிய பணம் ஒரே வாரத்தில் ஓடியது. ஒன்பதாவது மாடியில் ஒருவர் முகமும் கோணவில்லை.

ஏழாம் நாள் மருத்துவமனையின் 'வீடு திரும்பல் ஒருங்கிணைப்பாளர்' வந்தார். கழுத்தில் அட்டை தொங்க, சக்கரம் வைத்த கணினி மேசையைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டார். மர்லிஸ் நெஞ்சிலிருந்து இடுப்புவரை முதுகைத் தாங்கும் கெட்டிப் பட்டைக்குள் இருந்தார், வலக்கையில் மாவுக்கட்டு. ஒரு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதியிருந்தார்.

"மிஸ்டர் ரஸ்டாட், வீட்டில உங்களைப் பார்த்துக்க ஆள் உண்டா?"

ஆர்டன் மனைவியின் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு ஆள் இல்லை என்று சொன்னால் அறுபது மைல் என்பது மர்லிஸுக்குத் தெரியும்.

"இருக்கு. நான் இருக்கேன். இத்தனை நாளும் நான்தான் பார்த்துக்கிட்டேன்," என்றார் மர்லிஸ்.

ஒருங்கிணைப்பாளர் தட்டினார். மர்லிஸின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு, மேடம்? உங்களைப் பார்த்துக்க வீட்டில ஆள் உண்டா?"

மர்லிஸ் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. ஆர்டன் வலக்கையை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தார்.

"இருக்கு. நான் இருக்கேன்ல."

அவர் மரியாதைக்காகச் சொல்லவில்லை என்பது மர்லிஸுக்குத் தெரிந்தது. மனிதர் நிஜமாகவே நினைத்துச் சொன்னார். ஐம்பத்தோரு வருடத்தில் அவரை இவ்வளவு பிடித்துப்போன நாளும் இல்லை, அவர் வாயைப் பொத்த வேண்டும் என்று இவ்வளவு தோன்றிய நாளும் இல்லை.

"ஐயா, அவரால ஒரு டம்ளர் தண்ணி எடுக்க முடியாது," என்றார் மர்லிஸ். "நான் அவர் கையைக்கூடத் தூக்கிப் பிடிக்கக் கூடாதாம். எங்களுக்கு உதவி வேணும். முதல் தடவையே சொல்றேன், கேட்டுக்கோங்க. எங்களுக்கு ஆள் வேணும்."

"உங்க பதட்டம் எனக்குப் புரியுது மேடம்," என்றார் ஒருங்கிணைப்பாளர், மனதார. "ஆனா வீட்டில பராமரிப்பாளர் இருந்தா, காப்பீடு வெளியாளுக்குக் குடுக்காது. இந்த வீட்டுக்கு ரெண்டு பேர் பதிவாகியிருக்காங்களே."

அன்று மாலையே இருவரும் வீடு சேர்ந்தார்கள். ஹோதன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து இருவரையும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தாள். மறுநாள் அவளுக்கு வேறு வீடு. அங்கே குளிப்பவர் இன்னும் அனுமதியில் இருக்கிறார்.

ஆக, யாரையும் கைவிட்டார்கள் என்று ஒருவரும் வாய் கூசாமல் சொல்ல முடியாது. நிறுவனத்தின் கோப்பை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நார்ட்லி ஊர் ரஸ்டாட் வீட்டில் இன்றைக்கு முழுநேரப் பராமரிப்பாளர்கள் இரண்டு பேர், நோயாளி ஒருவருமில்லை. நோயாளியே இல்லாத வீட்டுக்குக் காப்பீடு எதற்கு என்ற கேள்வி மட்டும் அங்கே யாருக்கும் எழவில்லை. பிரீமியத்தை மாதம் பிறந்ததும், மூன்று தடவையெல்லாம் கேட்காமல், அவர்களே வங்கியிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.